‘உட்பட்டு’ என்னும் சொல்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, பாடப் புத்தகத்தில் படிக்கும்போது வறண்ட பகுதியாகவே தோன்றும். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று பட்டியல்கள். 1950-இல் அவற்றுள் முறையே 97, 66, 47 இனங்கள். இன்ன பொருளைப் பற்றிச் சட்டம் இயற்றும் உரிமை இன்ன அரசாங்கத்துக்கு உண்டு என்று வகுத்து வைத்த பங்கீடு அது. ஆயினும் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வாழ்கின்ற மக்களுடைய வலையிலும் உலையிலும் கூலியிலும் அந்த அட்டவணை கலந்தே கிடக்கிறது.

திருவொற்றியூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் குடிமையியல் நடத்திய நாள்களில், இப்பட்டியல்களை உருப்போடும்படி மாணாக்கரிடம் சொல்லுவதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் கண்டவற்றை எழுதி வாருங்கள். எது எந்தப் பட்டியலில் சேரும் என்று பார்ப்போம் என்பேன். 1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையத்தை ஒருவன் எழுதுவான். அது ஒன்றியப் பட்டியல். அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளத்தை மற்றொருவன் எழுதுவான். உப்பு நம் கண்ணெதிரே விளைந்தாலும் அதுவும் ஒன்றியப் பட்டியலில் 58-ஆவது இனம். காசிமேட்டுப் பிள்ளைகள் மீனை எழுதுவார்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம் என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் மலரும். ஆனால் விசைப்படகு கரையிலிருந்து 12 கடல் மைலைத் தாண்டிவிட்டால், அதே வலையில் விழும் மீன் ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது இனத்துக்குப் போய்விடும். இதற்குள் யாரேனும் ஒரு மாணவி தன் தந்தை வேலை பார்க்கும் தொழிற்சாலையைச் சொல்லிவிடுவாள். அங்கேதான் கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டி தயங்கி நிற்கும்.

ஏனெனில், தொழில்கள் மாநிலப் பட்டியலில் 24-ஆவது இனமாக இருக்கின்றன. ஆனால் ஒன்றியப் பட்டியலின் 7, 52 ஆகிய இனங்களுக்கு ‘உட்பட்டு’ என்ற வாலும் அங்கேயே ஒட்டியிருக்கிறது. 7-ஆவது இனம் நாட்டுப் பாதுகாப்புக்கும் போருக்கும் வேண்டிய தொழில்களைக் குறிப்பது. அதை ஒருவரும் மறுக்கமாட்டார். 52-ஆவது இனமோ வேறு வகை. எந்தத் தொழிலை ஒன்றியம் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது பொதுநலனுக்கு உகந்தது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அறிவிக்கிறதோ, அத்தொழில் ஒன்றியத்தைச் சேரும். அவ்வாறே 1951-இல் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இரும்பு, எரிபொருள், உரம் ஆகியவற்றோடு தோல், கண்ணாடி, காகிதம், சோப்பு, முகப்பூச்சு, சிகரெட்டு வரை அதன் அட்டவணையில் இடம் பெற்றன. 1991-க்குப் பின் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெறவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. ஆனால் அறிவிப்பு அப்படியே சட்டத்தில் இருக்கிறது. பிடி தளர்ந்ததே ஒழிய, கயிறு அறுபடவில்லை. “ஐயா, ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு உட்பட்டு என்று சேர்த்துக்கொண்டால் அது கொடுத்ததாகுமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

சட்டத்தை வகுத்தவர்கள் மாநிலங்களை வஞ்சிக்க நினைத்தார்கள் என்று கூறுவது நியாயமன்று. 1946-இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வகுத்த திட்டம், பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய சிலவற்றை மட்டுமே நடுவண் ஆட்சிக்கு விட்டது. அடுத்த ஆண்டில் நாடு பிரிவினையுற்றது, இரத்தம் பெருகியது, அகதிகள் திரண்டார்கள், சமஸ்தானங்கள் இன்னும் முழுதும் இணையவில்லை. அந்த அச்சத்தின் நடுவே அமர்ந்து எழுதியவர்கள், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிய மையத்தையே பெரும்பாலும் கைக்கொண்டார்கள். காய்ச்சலில் போர்த்திய கம்பளியைக் காய்ச்சல் தணிந்த பிறகும் கழற்றாதிருப்பதுதான் வியப்பு.

நம் கடற்கரையையே பாருங்கள். எண்ணூருக்கு வடக்கே இரண்டு துறைமுகங்கள் பக்கம் பக்கமாக உள்ளன. ஒன்று, 1999-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2001-இல் இயங்கத் தொடங்கி, 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அது ஒன்றியத்தின் ஆளுகையில் உள்ளது. மற்றொன்று காட்டுப்பள்ளி, அது சிறு துறைமுகமாதலால் மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் வருவது. ஒரே கடல், ஒரே கழிமுகம், ஒரே மீனவர்கள். ஆனால் முறையிட வேண்டிய வாசல்கள் இரண்டு. ஒரு துறைமுகத்தைப் பெருந்துறைமுகமாக்க நாடாளுமன்றம் தனியே ஒரு சட்டம் இயற்றவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை போதும். இதற்கும் மேலாக 364-ஆவது பிரிவு ஒன்றுண்டு. அதைப் படித்தவர் மிகச் சிலரே. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும் ஒரு பெருந்துறைமுகத்துக்குப் பொருந்தாது என்றோ, இன்னின்ன மாற்றத்துடன் பொருந்தும் என்றோ குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம். சென்னைத் துறைமுகத்தின் ஆட்சிக்குழுவில், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநில அரசின் பிரதிநிதிக்குரிய இடம் ஒன்றே. துறைமுகத்துக்கு வரும் சரக்கு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளும், அச்சாலையோரத்துக் குடியிருப்புகளும், அங்குள்ளவர்க்குத் தரவேண்டிய குடிநீரும் மட்டும் மாநிலத்தின் பொறுப்பு.

நான் ஓர் உபாத்தியாயன். ஆகையால் கல்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். 1950 முதல் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-ஆவது திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடுகள், எடையும் அளவும், வனவிலங்குப் பாதுகாப்பு, நீதி நிருவாகம் ஆகியனவும் உடன் போயின. ஏழாவது அட்டவணையைத் திருத்த வேண்டுமாயின் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும் என்று 368-ஆவது பிரிவு கூறுகிறது. நல்ல காப்புத்தான். ஆனால் அத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு 1976. நாடு முழுதும் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டிலோ, அவ்வாண்டு ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு, சட்டமன்றமே இல்லாதிருந்தது. ஏற்கிறோம் என்றோ மறுக்கிறோம் என்றோ சொல்லுவதற்கு நம் மாநிலத்துக்கு வாயில்லாத வேளையில், நம் பள்ளிக்கூடங்களின் உரிமை கைமாறிற்று. வேண்டிய எண்ணிக்கைக்கு ஏனைய மாநிலங்களின் ஒப்புதல் போதுமானதாயிற்று.

அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாநில அரசின் செலவில் நடப்பது. அதில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தமிழ்நாடு அளவுகோலாகக் கொண்டிருந்தது. 2017 முதல் அகில இந்திய நுழைவுத் தேர்வே அளவுகோல். அத்தேர்வு நன்றா தீதா என்னும் விவாதத்துள் நான் புகவில்லை. நல்லாசிரியர்கள் இரு பக்கமும் உண்டு. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் ஒன்றியச் சட்டத்தோடு மாறுபடும் மாநிலச் சட்டம் நிலைக்க வேண்டுமாயின், 254-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். அத்தேர்விலிருந்து விலக்குக் கோரும் சட்ட முன்வடிவைத் தமிழகச் சட்டமன்றம் 2021-இலும் மீண்டும் 2022-இலும் நிறைவேற்றியது. இசைவு மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அச்சட்டமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.

356-ஆவது பிரிவு யாவரும் அறிந்தது. அது ஏட்டில் உறங்கும் பிரிவாகவே இருக்கும் என டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிருணய சபையில் நம்பிக்கை தெரிவித்தார். அதுவோ நூறு தடவைக்கு மேல் விழித்துக்கொண்டது. ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ ‘அல்லது வேறுவகையிலோ’ குடியரசுத் தலைவர் முடிவு செய்யலாம் என்பது அதன் வாசகம். 1991 ஜனவரி 30 அன்று தமிழக ஆட்சி கலைக்கப்பட்டபோது ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்பவில்லை. அந்த ‘வேறுவகை’யே போதுமானதாயிற்று. 1994-இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே என்றும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உரியது என்றும் தீர்ப்பளித்தார்கள். அதன் பின் இப்பிரிவின் பயன்பாடு பெரிதும் குறைந்தது. ஆனால் வாசகம் மாறவில்லை; தீர்ப்பைப் பின்னொரு தீர்ப்பு மாற்றலாம்.

இவற்றையெல்லாம் மாநிலங்களுள் முதலில் முறையாக ஆராய்ந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உரியது. 1969-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு, சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. வி. இராஜமன்னார் தலைவர், டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் பி. சந்திரா ரெட்டியும் உறுப்பினர்கள். 1971-இல் அறிக்கை வந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் அதனையொட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி அதை ஏற்கவில்லை. பின்னர் ஒன்றிய அரசே 1983-இல் சர்க்காரியா குழுவையும், 2007-இல் பூஞ்சி குழுவையும் அமைத்தது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு மற்றொரு குழுவை அமைத்தது. குழுக்களுக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை.

மாநிலத்துக்கு அதிகாரம் வந்துவிட்டால் எண்ணூர்க் கழிமுகம் தெளிந்துவிடும் என்று நான் கூறவில்லை. கொசத்தலையாற்றில் நிலக்கரிச் சாம்பல் கலந்ததில் மாநில மின் நிறுவனத்தின் அனல் நிலையத்துக்கும் பங்குண்டு. அங்கே சிப்பியும் இறாலும் பொறுக்கிப் பிழைப்பவர்களுக்குச் சாம்பல் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பது ஒரு பொருட்டன்று. ஆனால் அண்மையிலுள்ள அரசாங்கத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்கள் வாக்கால் விசாரிக்கலாம். 2017 ஜனவரி இறுதியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, அதை வாளிகளால் மொண்டவர்கள் ஏராளம். பொறுப்பு இன்னாருடையது என்று விரல்நீட்டுவதுதான் அரிதாயிருந்தது.

ஆகவே, பட்டியல்களைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. சில வாசகங்களைத் திருத்தினால் போதும் என்பது என் கருத்து. 52-ஆவது இனத்தின் கீழ் தொழிலையும், 27-ஆவது இனத்தின் கீழ் துறைமுகத்தையும் ஒன்றியம் எடுத்துக்கொள்ளுமுன், தொடர்புள்ள மாநிலத்தின் இசைவைப் பெறவேண்டும். மாநிலப் பட்டியலிலிருந்து ஒரு பொருளை மாற்ற, பாதிக்குப் பதிலாக மூன்றில் இரு பங்கு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். எந்த மாநிலத்தில் சட்டமன்றம் கலைந்திருக்கிறதோ, அது மீண்டும் கூடும்வரை அத்திருத்தம் காத்திருக்க வேண்டும். ‘அல்லது வேறுவகையிலோ’ என்ற சொற்கள் 356-இலிருந்து நீங்க வேண்டும். மாநிலங்களோடு பகிராத மேல்வரிகளுக்கும் கூடுதல் தீர்வைகளுக்கும் ஓர் உச்ச வரம்பு வேண்டும்; அது தனிப் பேச்சுக்கு உரிய பொருள்.

இறுதியாக 263-ஆவது பிரிவு. மாநிலங்களிடை மன்றம் ஒன்றைக் குடியரசுத் தலைவர் அமைக்க‘லாம்’ என்று அது சொல்கிறது. அரசியலமைப்பு வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1990-இல்தான் அம்மன்றம் அமைந்தது. அவ்வாண்டு முதல் 2016 வரை அது கூடிய கூட்டங்கள் பதினொன்று. ‘அமைக்கலாம்’ என்பதை ‘அமைத்தல் வேண்டும்’ என மாற்றி, ஆண்டுக்கு இருமுறை கூடவேண்டும் என்றும், மாநிலம் ஒன்று கோரும் பொருளை மறு கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதிவிட்டால், பக்கம் பக்கமாக நிற்கும் இரு துறைமுகங்களின் கணக்கையும், நடுவே சுருங்கிவரும் கழிமுகத்தின் கணக்கையும் இரு அரசாங்கங்களும் ஒரே மேசையில் வைத்துப் பேச நேரும்.