கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது

ஒரு மாணவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் நம் பள்ளிகளில் எங்கே அழைத்துப் போவது? ஆலோசனைக்கென்று தனி அறை உள்ள அரசுப் பள்ளிகள் குறைவு. ஆசிரியர் அறையில் பேசினால், பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்துபவரின் காதிலும் விழும். தலைமையாசிரியர் அறைக்கு அழைத்தால், "என்னடா தப்பு பண்ணினே?" என்று வகுப்பே கேட்கும். காலி வகுப்பறையின் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது மாணவருக்கும் பாதுகாப்பில்லை, நமக்கும் நல்லதில்லை.

மிஞ்சுவது மைதானத்து ஓர வேப்பமரம். வேறு வழியில்லாமல் அங்கே போகிறோம் என்று எண்ண வேண்டியதில்லை. முதல் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் பள்ளியில் இல்லை என்றே நான் கருதுகிறேன். வராந்தாவில் நிற்கும் எவருக்கும் நாம் இருவரும் தெரிவோம். பேசுவது மட்டும் யாருக்கும் கேட்காது. பாதுகாப்பு, ரகசியம் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இன்னொரு காரணமும் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் மாணவர் என்றால் அது விசாரணை போல ஆகிவிடுகிறது. அறைக்குள் அரை நிமிட மௌனம்கூடப் பாரமாக இருக்கும். நாமே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவோம். மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போதோ சுற்றுச்சுவர் ஓரமாகச் சேர்ந்து நடக்கும்போதோ முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அணில் ஓடினால் இருவரும் அதைப் பார்க்கலாம். அந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

இயற்கை மனத்துக்கு என்ன செய்கிறது என்பது ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளியான அந்த ஆய்வு 46 நோயாளிகளைப் பற்றியதுதான். பள்ளி ஆலோசனைக்கு அதை நேரடிச் சான்றாகக் காட்ட முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீபன் கப்ளான் இணையரின் விளக்கம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பாடத்தில் கவனத்தைக் கட்டி நிறுத்துவது மனத்தைக் களைப்பாக்குகிறது. இலை அசைவதையும் மேகம் நகர்வதையும் பார்ப்பதற்கு அந்த முயற்சி தேவையில்லாததால் களைத்த கவனம் ஓய்வு பெறுகிறது என்பது அவர்கள் கருத்து.

கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பேச்சு இன்னும் எளிதாகும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கள்தோறும் வராமல் இருந்தான். ஆசிரியர் அறையில் எப்போது கேட்டாலும் "வயித்து வலி சார்" என்பதே பதில். ஒருநாள் மாலை புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற என்னோடு வந்தான். மூன்றாவது கன்றுக்குக் குடத்தைச் சாய்த்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஞாயித்துக்கிழமை அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவ அடிப்பாரு சார். மறுநாள் அம்மாவ தனியா விட்டுட்டு வர பயமா இருக்கு." அந்த நேரத்தில் அறிவுரைக்கு இடமில்லை. "இப்ப அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் தலைமையாசிரியர் அவன் அம்மாவை வரவழைத்துப் பேசி, பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா, தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். உயிரை விட்டுவிடலாம் என்பது போல ஒரு மாணவர் பேசினால், பெற்றோரோ மருத்துவரோ வரும்வரை அவரைத் தனியே விடக் கூடாது. டெலி மனஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் நம் செல்பேசியில் இருக்கட்டும்.

எல்லாப் பேச்சுக்கும் மரத்தடி ஏற்றதல்ல. தேம்பி அழும் பிள்ளையைப் பள்ளி முழுவதும் பார்க்கும்படி உட்கார வைக்கக் கூடாது. கதவு திறந்த அறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாணவி என்றால் ஆசிரியை பேசுவதே நல்லது. விளையாட்டுப் பாடவேளையில் மைதானப் பக்கம் போனால் பந்தும் வேடிக்கை பார்ப்பவர்களும் வந்து சேருவார்கள். கோடையில் காலை வழிபாட்டுக்கு முன்போ மாலையிலோதான் உட்கார முடியும். மழைக்காலத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் போதும். "உக்காரலாமா, நடக்கலாமா?" என்று மாணவரையே கேட்டுவிடுங்கள். வெட்டவெளி பிடிக்காத பிள்ளைகளும் உண்டு.

சிக்கல் உள்ளவர்களை மட்டுமே அங்கே அழைத்தால், ஒரே மாதத்தில் அந்த மரம் குற்றவாளிக் கூண்டாகிவிடும். நன்றாகப் படிப்பவரையும், கோலப்போட்டியில் பரிசு வாங்கியவரையும், புதிதாகச் சேர்ந்தவரையும் அழைத்துப் பேச வேண்டும். என் வகுப்பில் இப்போது "எங்க முறை எப்ப வரும் சார்?" என்று கேட்கிறார்கள்.

பேசி முடிந்ததும் உடனே வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். முகம் கழுவித் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். "இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே?" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று அந்தப் பாடவேளை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.