அது அகப்பை இல்லை

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பருத்திப்பட்டு ஏரியில் பேரனோடு படகு சவாரி போயிட்டு வந்தப்போ, அவங்க அப்பா வச்சிருந்த பொம்மைப் படகு ஞாபகம் வந்துச்சாம். "நீங்கதான் இதையெல்லாம் நோண்டிக்கிட்டு இருப்பீங்களே தம்பி, ஒட்டிக் குடுங்க."

உள்ளே 40 செ.மீ. நீளத்தில் ஒரு படகு. பாய்மரம் இல்லை, சுக்கான் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. பலகைகளை நூலால் தைத்திருந்தார்கள். கூடவே நுனியில் முட்டை வடிவத் தட்டை கட்டிய 16 செ.மீ. குச்சிகள் சில ("அப்பா அகப்பைன்னு சொல்லுவாரோ என்னமோ" என்றார் அண்ணன்), மூன்று ஓட்டை போட்ட குட்டி மரவட்டுகள் ஒரு கைப்பிடி.

முதல் தப்பு என்னுடையது. தையலுக்கு அடியில் காய்ந்த நார் திணித்திருந்தது. எலி கூடு கட்டியிருக்குன்னு நினைத்து, இடுக்கியால் பாதியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது: எலி இவ்வளவு நேர்கோட்டிலா கூடு கட்டும்?

அது மசூலா. மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது இந்தப் படகுதான். இதே குடும்பத்துப் படகைப் புதுச்சேரிப் பக்கம் சலங்கு என்பார்கள். ஆணி அடித்து, விலா எலும்பு மாதிரி சட்டம் வைத்த படகு அலையில் தூக்கி மணலில் அடிபட்டால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். இணைப்பில் தண்ணீர் புகாமல் இருக்கத்தான் தையலுக்கு அடியில் நார். 1870-களில் துறைமுக வேலை தொடங்கி, 1881 புயலில் பெரும்பகுதி நொறுங்கிய பிறகும் இந்தப் படகுகளுக்கு வேலை இருந்தது.

ஆக, நான் குப்பை என்று எறிந்ததுதான் படகை மிதக்க வைத்த பாகம்.

குச்சிகளுக்கு ஒரு கணக்குப் போட்டேன். மசூலா சுமார் 30 அடி, அதாவது 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாடல் 40 செ.மீ. என்றால் 23-ல் ஒரு பங்கு. 16 செ.மீ. குச்சி நிஜத்தில் 12 அடி வரும். ஒரு ஆள் நின்றோ உட்கார்ந்தோ வலிக்கிற துடுப்பு! தெரியாத பாகம் எதுவானாலும் முதலில் அதை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மனுஷன் கைக்கு அடங்குதா இல்லையான்னு பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். எல்லாவற்றையும்விட நீளமாக ஒன்று தனியாக இருந்தது. சுக்கான் எங்கே தொலைந்தது என்று தேட வேண்டியதே இல்லை. பின்னால் நின்று திசை திருப்பும் துடுப்பு அது.

மரவட்டு மட்டும் இடித்தது. கப்பி என்றால் உள்ளே உருளை இருக்கணும், இதில் இல்லை. விளிம்பைச் சுற்றிக் கயிறு பதியும் பள்ளம் இருக்கிறது. ஐரோப்பியப் பாய்க்கப்பலில் இதை டெட் ஐ என்பார்கள். மூன்று ஓட்டையும் மண்டையோட்டு முகம் மாதிரிதான் தெரியும். மேலே ஒன்று கீழே ஒன்றாக ஜோடி சேர்த்து, ஓட்டைகள் வழியே கயிறு கோத்து இறுக்கினால், பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் வடம் விறைப்பாகும். பாய்மரமே இல்லாத மசூலாவுக்கு இது எதுக்கு? யாரோ இரண்டு மாடல்களின் உதிரியை ஒரே டின்னில் போட்டிருக்கிறார்கள். கையில் இருக்கிறதையெல்லாம் எங்கேயாவது ஒட்டியே தீரணும்னு உட்கார்ந்தால், மசூலாவின் விளிம்பில் டெட் ஐ வரிசை முளைத்திருக்கும்.

குப்பைக்கூடையில் கிடைத்த நாரைத் திரும்ப வைத்தேன். போதாத இடத்தில் தேங்காய் நார் திரித்து, புதுசு எது என்று தெரிய வேறு நிற நூலால் தைத்தேன். ஃபெவிகால் தொடவில்லை. மரவட்டுகளைத் தனிக் கவரில் போட்டுக் கொடுத்தபோது அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெரிய பாய்க்கப்பல் ஒண்ணும் இருந்துச்சு தம்பி. தங்கச்சி வீட்டுப் பரண்ல கிடக்கும். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாமா?"