ஜாமீன் கிடைச்சா கேஸ் முடிஞ்சுதா? 11 ஆண்டு இழுத்த கார்ட்டூன் வழக்கும் நாம் குழப்பிக்கொள்ளும் சட்டச் சொற்களும்

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அரசியல் மீம் வருகிறது. சிரித்துவிட்டு அப்பார்ட்மென்ட் குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்கிறோம். அதோடு மறந்தும் விடுகிறோம்.

கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ராவால் அப்படி மறக்க முடியவில்லை. அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜியையும் ரயில்வே அமைச்சர் முகுல் ராயையும் கிண்டலடித்த ஒரு கார்ட்டூனை, 2012 ஏப்ரலில் தன் குடியிருப்புச் சங்கத்தின் ஈமெயிலில் இருந்து அவர் சிலருக்கு அனுப்பினார். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்தைத் தழுவிய கார்ட்டூன் அது. ஏப்ரல் 12 இரவு போலீஸ் அவரைப் பிடித்தது. சங்கச் செயலராக இருந்த முதியவரும் கைதானார். மறுநாளே இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது.

ஆனால் வழக்கு முடிந்தது 2023 ஜனவரியில். "அதான் ஜாமீன் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன கேஸ்?" என்று கேட்கத் தோன்றும். நாம் ஒன்று என்று நினைக்கும் பல சட்டச் சொற்கள் உண்மையில் வேறு வேறு. இந்த வழக்கை வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம்.

புகாரும் எஃப்.ஐ.ஆரும் ஒண்ணா?

இல்லை. நீங்கள் கொடுப்பது புகார். அதில் பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஏதாவது இருந்தால், அவர்கள் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர் பதிவு செய்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

தமிழ்நாட்டில் தரும் சி.எஸ்.ஆர் ரசீதும், கொல்கத்தாவில் தரும் ஜி.டி. எண்ணும் எஃப்.ஐ.ஆர் ஆகாது. புகார் வந்தது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் குற்றவாளி என்றும் அர்த்தமில்லை. விசாரணை அங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பிரிவு என்பது ஏன் முக்கியம்?

மகாபாத்ரா மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 500 (அவதூறு), 509 (பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துதல்), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ ஆகிய பிரிவுகள் போடப்பட்டன.

அவதூறுக்காக மட்டும் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாது. பொதுவாகப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். ஆனால் 509, 66ஏ இரண்டிலும் போலீஸ் நேரடியாக இறங்கலாம். அப்படி ஒரு பிரிவு சேர்ந்துவிட்டால் மற்றதையும் சேர்த்தே புலன்விசாரணை செய்யலாம். அதனால் "என் மேல கேஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "என்னென்ன பிரிவு?" என்றும் கேளுங்கள்.

ஜாமீன்ல விட முடியாத குற்றம்னா ஜாமீனே கிடைக்காதா?

கிடைக்கும். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. விட முடியாத குற்றம் என்றால் அதை நீதிமன்றம் முடிவு செய்யும். பெயர்தான் பயமுறுத்துகிறது.

எந்த வகையாக இருந்தாலும், ஜாமீன் என்பது வழக்கு நடக்கும்போது நீங்கள் வெளியே இருக்கலாம் என்பது மட்டுமே. கூப்பிட்ட தேதியில் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

விடுவிப்பு, விடுதலை, ரத்து: மூணும் வேற வேற

புலன்விசாரணை முடிந்ததும் போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்து, விசாரணை நடத்தும் அளவுக்கு முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால் அது விடுவிப்பு. புதிய ஆதாரம் வந்தால் மறுபடி வழக்கு வரலாம்.

சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கு நடத்த முடியாது.

எஃப்.ஐ.ஆரே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னால் அது ரத்து.

மகாபாத்ராவுக்குக் கிடைத்தது விடுவிப்பு. 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அடியோடு நீக்கியது. அப்போதே இவரது வழக்கும் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2021-ல்தான் அலிப்பூர் நீதிமன்றம் அவரை 66ஏ-விலிருந்து விடுவித்தது. மற்ற பிரிவுகள் அப்போதும் தொடர்ந்தன. 2023 ஜனவரியில்தான் அவையும் போயின. உடன் கைதான முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

பரிந்துரையும் உத்தரவும்

இருவருக்கும் தலா 50,000 ரூபாய் இழப்பீடு தரலாம் என்று மாநில மனித உரிமை ஆணையம் 2012-லேயே சொன்னது. அது பரிந்துரை. அரசு ஏற்கவில்லை. 2015 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த இழப்பீட்டைக் கொடுக்கச் சொன்னது. அது உத்தரவு. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகும். 'ஆணையம் அதிரடி' என்று செய்தியில் படித்தால், அது இரண்டில் எது என்று பாருங்கள்.

இப்போ என்ன மாறியிருக்கு?

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, பழைய 509 இப்போது 79. எண்கள் மாறினாலும் மேலே சொன்ன வித்தியாசங்கள் அப்படியே இருக்கின்றன.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் கேட்க வேண்டியவை:

- இது நோட்டீஸா, கைதா? ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்வது வழக்கமாக இருக்கக் கூடாது. தேவையில்லாத இடத்தில் நோட்டீஸ் கொடுத்தே விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.
- எந்தெந்தப் பிரிவுகள்? ஜாமீனில் விடத்தக்கவையா?
- கைது என்றால் காரணம் என்ன? பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பு தரும் உரிமை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண் 15100.

ஜாமீன் கிடைத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். அன்றைக்கே வக்கீலிடம் அடுத்த தேதி எது, விடுவிப்பு மனு எப்போது போடலாம் என்று கேட்டுவிடுங்கள். புதிய சட்டத்தில் அந்த மனுவுக்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறார்கள். வழக்கு ஆவணங்களின் நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும்.