முற்றத்து மல்லிகைக்கு மணமில்லையா?



கடையில் ஒரு பிஸ்கட் பக்கட்டைக் கையில் எடுத்ததும் நம் கண் முதலில் தேடுவது ஹலால் சின்னத்தைத்தான். அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல பழக்கம். ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது, ஈ 471 என்றால் என்ன என்றெல்லாம் விசாரித்து வாங்கும் தாய்மார் இன்று நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் மகள், உம்மாவுக்கு லேபலை வாசித்துச் சொல்கிறாள்.

ஆனால் ஹலால் சின்னத்தைத் தேடிய அதே கண், பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இன்னொரு வரியைப் பார்க்காமல் போய்விடுகிறது. இந்தப் பொருள் எந்த நாட்டில் உண்டானது, யார் செய்தது, யார் கொண்டு வந்தது என்று சொல்லும் வரி அது. அந்த ஒரு வரியையும் வாசித்து வாங்கப் பழகுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடல் வாசலில், மீன் டின்னில்

நம் திருகோணமலை மாவட்டத்துக்கு அல்லாஹ் செய்திருக்கும் அருட்கொடைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம். மீன் கிடைக்கும் கொட்டியாரக் குடா. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள். அல்லைத் திட்டத்து நெல். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம். உப்பு விளையும் உப்பளமும் நிலாவெளியில் உண்டு.

இத்தனையும் இருக்க, நம் கடைத் தட்டுகளைப் பாருங்கள். சீனாவில் அடைத்த டின் மீன் இருக்கிறது. தாய்லாந்து நெத்தலிக் கருவாடு இருக்கிறது. நியூசிலாந்துப் பால்மா இருக்கிறது. கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பெண், தன் பிள்ளைக்குச் சோற்றோடு வைக்க வெளிநாட்டு டின் மீனை வாங்கிப் போகிறாள். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள். மல்லிகைக்கு மணம் இருக்கிறது. நாம்தான் முகர்ந்து பார்ப்பதில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் படகுப் பாதையில் காத்துக் கிடந்த நம் மக்களுக்கு அது பெரிய விடிவு. சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டிய பாலம் அது. அந்தப் பாலம் இரண்டு பக்கமும் திறந்த வழி. நம் தயிரும் மீனும் நெல்லும் வெளியே போகவும் அதே வழிதான், வெளியூர்ச் சாமான் நம் அடுக்களைக்கு வரவும் அதே வழிதான். எந்தப் பக்கம் அதிகமாகப் போகவேண்டும் என்பதை, ஒவ்வொரு வீட்டிலும் சாமான் துண்டு எழுதும் பெண்ணே பெரும்பாலும் தீர்மானிக்கிறாள்.

2022 கற்றுத் தந்த பாடம்

வெளிநாட்டுச் சாமானை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் வகுப்பு நடத்திச் சொல்லவேண்டியதில்லை. 400 கிராம் பால்மா பக்கட் 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாய். 2022 மார்ச்சில் அதே பக்கட் 790 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மாரை நாம் மறந்துவிடவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கையில் டொலர் இல்லாத நாட்டுக்குக் கப்பல் வராது.

2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டு வெளிநாட்டு அரிசிக்கு அனுமதி கொடுக்கவேண்டி வந்தது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு, 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. மழை பெய்து உப்பளங்கள் கெட்டது அதற்கு ஒரு காரணம். கஷ்டகாலத்தில் உள்ளூர்த் தொழில் கைகொடுக்க வேண்டுமானால், நல்ல காலத்தில் அதை நாம் வாழவிட்டிருக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் தேடினால் அது அங்கே இருக்காது.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு அமைந்த கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை, 1960ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கி 1990களில் மூடப்பட்டது. அந்தப் பக்கத்தில் கரும்பு விளைந்ததை இன்று முதியவர்கள்தான் சொல்கிறார்கள். நாம் தேநீரில் போடும் சீனியில் பெரும்பங்கு இப்போது கப்பலில் வருகிறது.

மருதமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் முற்பாதியில் வெளிநாட்டுத் துணி வராத காலத்தில், அங்கே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. ஆண்கள் நெய்ய, பெண்கள் நூல் சுற்றினார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவுத் துணி குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2004 சுனாமி எஞ்சியதிலும் பலதை அடித்துப் போனது. இருந்தும் மருதமுனைச் சாரனும் சாரியும் இன்றும் நெய்யப்படுகின்றன. பெருநாளைக்கு வாப்பாவுக்கும் மகனுக்கும் சாரன் எடுக்கும்போது, ஓரத்தில் ஒட்டிய சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

லேபலை வாசிப்பது எப்படி?

இதில் நம்மவர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, "இலங்கையில் பொதி செய்யப்பட்டது" என்பதும் "இலங்கையில் உற்பத்தி செய்யப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பால்மாவைப் பெரிய மூடைகளில் இறக்கி இங்கே சிறு பக்கட்டுகளில் அடைக்கிறார்கள். முன்பக்கத்தில் பச்சைப் புல்லும் பசுவும் இருக்கும். உண்மை பின்பக்கத்தில் இருக்கும். பால் எந்த நாட்டினது என்ற வரியைத் தேடுங்கள். அரசுக்குச் சொந்தமான மில்கோவின் ஹைலண்ட் போல, இந்நாட்டுப் பாலில் செய்யும் பால்மாவும் கடைகளில் உண்டு.

இரண்டாவது, கோடு கோடாக இருக்கும் பார்கோட். அது 479 என்று தொடங்கினால் இலங்கைச் சாமான், 890 என்றால் இந்தியச் சாமான் என்று கைத்தொலைபேசியில் செய்தி சுற்றுகிறது. பகிஷ்கரிப்புக்காக 729ஐத் தேடுகிறவர்களும் உண்டு. அந்த இலக்கம், கம்பனி எந்த நாட்டில் பார்கோட் பதிவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. உறுதிப்படுத்தாத செய்தியைப் பரப்புவதும் நமக்குக் கூடாத காரியம்.

மூன்றாவது, எஸ்.எல்.எஸ். முத்திரை. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் கொடுக்கும் அந்த முத்திரை தரத்துக்கானது, பிறந்த ஊருக்கானது அல்ல. ஆகவே எஸ்.எல்.எஸ். இருக்கிறதா என்றும் பாருங்கள், நாட்டின் பெயரையும் பாருங்கள். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

நான்காவது, பாதி உள்ளூர், பாதி வெளியூர்ச் சாமான். சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரிமா மா ஆலையை நாம் எல்லோரும் அறிவோம். மா நம் துறைமுகத்தில்தான் அரைக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே வேலையும் உண்டு. ஆனால் கோதுமை கப்பலில் வருகிறது, ஏனென்றால் நம் நாட்டில் அது விளைவதில்லை. அரிசி மா இடியப்பமும் பிட்டும் முழுக்க நம் மண்ணில் விளைந்தவை, பாண் அப்படியல்ல. பாண் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எது எவ்வளவு நம்முடையது என்பதைத் தெரிந்து சாப்பிடுங்கள் என்கிறேன்.

வெளிநாட்டார் நம் பெயரை எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள் தெரியுமா? தேயிலைப் பெட்டியில் உள்ள சிங்கச் சின்னத்தை இலங்கைத் தேயிலைச் சபை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கலப்பில்லாத இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்கவேண்டும். இலங்கைக் கறுவாவின் பெயரை, பிறர் எடுத்துப் பயன்படுத்தாதபடி 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாத்தது. அவர்கள் நம் பொருளின் பிறப்பிடத்தைப் பார்த்து வாங்க, நாம் மட்டும் பார்க்காமல் வாங்குவதா?

"மௌலவி, வெளிநாட்டுச் சாமான் கூடாதா?"

பெண்கள் வகுப்பில் இந்தக் கேள்வி வரும். இதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. ஹலாலான பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஹலால்தான். மாரியிலும் கோடையிலும் குறைஷிகள் செய்த வணிகப் பயணத்தை அல்லாஹ் தன் அருளாகக் குர்ஆனில் எடுத்துச் சொல்கிறான். நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுத் துணியை விரும்பி அணிந்தார்கள். ஷாம் தேசத்து ஜுப்பாவும் அணிந்திருக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரி வெளிநாட்டுச் சவர்க்காரம் வாங்கினால் அவளைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பருப்பைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தே ஆகவேண்டிய சாமானும் உண்டு. விலை எட்டாத ஏழை வீட்டின் மேல் இதைச் சுமத்தவும் கூடாது.

ஆனால் இன்னொரு சம்பவத்தையும் நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் மக்காவில் விட்டு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, மதீனத்துத் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று உழைத்தார்கள். அந்த ஊரின் பால் பொருளை அந்த ஊர்ச் சந்தையில் மக்கள் வாங்கியதால்தான் ஒரு அகதி தன் காலில் நிற்க முடிந்தது. போராலும் கடலாலும் குடும்பத் தலைவனை இழந்த வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை! அந்த வீட்டுப் பெண் உறையவைக்கும் ஒரு சட்டித் தயிரை நாம் வாங்கினால், அவள் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். வெளிநாட்டுச் சாமானை நாட்டுச் சாமான் என்று விற்பதும், பழைய லேபலுக்கு மேல் புதிய லேபல் ஒட்டுவதும் அடியில் ஈரத்தை மறைப்பதுதான். நாட்டின் சட்டப்படியும் லேபலை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அப்படிக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டிலிருந்து மசாலாத்தூள், ஊறுகாய், அரிசி மா செய்து விற்கும் சகோதரிகளே! உங்கள் பக்கட்டிலும் பெயர், விலாசம், நிறை, செய்த திகதி, முடியும் திகதி இருக்கட்டும். விலாசமில்லாத பொருளை, நம்மூர்ப் பொருள் என்பதற்காக மட்டும் யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

"நம்முடையது" என்றால் யாருடையது?

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2013இல் ஹலால் சின்னத்துக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலை நாம் கேட்டோம். 2019க்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்று சொன்னவர்களையும் கண்டோம். அந்த வேதனையை அனுபவித்த நாம், "நம்முடையதை வாங்குவோம்" என்பதை ஒருபோதும் அந்த அர்த்தத்தில் சொல்லக் கூடாது. கந்தளாய்ச் சிங்கள விவசாயியின் நெல், குச்சவெளித் தமிழ்ச் சகோதரியின் வெங்காயம், கிண்ணியா முஸ்லிம் பெண்ணின் தயிர் ஆகிய மூன்றும் நம்முடையவைதான். மூன்றும் ஒரே சந்தைக்கு வருகின்றன, ஒரே சட்டியில் வேகின்றன.

ஆகவே சகோதரிகளே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். இந்த மாதச் சாமான் துண்டில் மூன்றே மூன்று பொருளைத் தெரிவு செய்யுங்கள். உப்பு, பால், கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபல் இருந்தால் வாசியுங்கள். இல்லாவிட்டால், எங்கேயிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தரமும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நம் நாட்டினதை எடுங்கள். பத்துப் பெண்கள் கேட்டால், அடுத்த தடவை கடைக்காரர் தாமாகவே அதை முன்தட்டில் வைப்பார்.

உழைப்பவரின் உழைப்பிலும், விற்பவரின் உண்மையிலும், வாங்குபவரின் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.