றைபிள் துவக்கின் மரச்சோங்கும் உலோகச் சட்டகமும்

துவக்கின் சிறப்பைக் குழலிலும் குண்டிலும் காண்பதே பொதுமக்கள் வழக்கம். குழலைத் தாங்கிச் சுடுவோன் தோளோடு பொருந்தும் சோங்கினைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும், குறி தவறுதற்குரிய காரணம் பலகாலும் அச்சோங்கிலேயே மறைந்து கிடக்கின்றது.

சோங்கு செய்தற்கு ஐரோப்பியர் நெடுங்காலம் விரும்பியது அக்குரோட்டு மரம். அது எளிதிற் பிளவாதது; பின்னுதைப்பைத் தாங்குவது; கடுங்குளிரிலும் கைக்கு இதமானது. ஆனால், வெட்டப்பட்ட பின்னரும் மரம் ஈரத்தை உண்பதும் உமிழ்வதும் ஒழிவதில்லை. அவ்வாறு வீங்கியோ முறுகியோ அது குழலின் ஒரு பக்கத்தை அழுத்துமாயின், நேற்றுச் செவ்வையாயிருந்த குறி இன்று விலகும். குறி ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதிலொரு பங்கு, விலகினும் 1,000 யார் தூரத்திற் குண்டு ஏறத்தாழ 10½ அங்குலம் தள்ளிப் படும். 1966 இல் அமெரிக்க மரைன் படையினர் ஏற்றுக்கொண்ட எம் 40 றைபிளின் மரச்சோங்குகள் வியட்னாமின் ஈரத்தில் முறுகியமையாலேயே, 1970களில் அதன் வழிவந்த எம் 40 ஏ 1 கண்ணாடிநார்ச் சோங்கினைப் பெற்றது.

மரத்தின் மற்றொரு குறை பொருத்தம் பற்றியது. மனிதர் கை நீளம் ஒன்றல்ல, சோங்கோ ஓரளவினது. பிரித்தானியரின் லீ-என்பீல்டு றைபிளுக்கு அரையங்குல வேறுபாட்டுடன் பல நீளங்களிற் பிற்சோங்குகள் செய்யப்பட்டமை இதற்கு ஒருவகைப் பரிகாரமே. தொலைநோக்கி பொருத்தப்பட்டபோது இடர் மிகுந்தது. தாழ்ந்த இரும்புக் குறிகளுக்கென அமைந்த சோங்கிற் கன்னம் பதித்தால், கண் தொலைநோக்கியின் மட்டத்துக்கு எட்டாது. கண் அதன் அச்சினின்று விலகினால் இலக்கே இடம் பெயர்ந்ததுபோலத் தோன்றலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து 4ஆம் இலக்க றைபிளின் குறிசுடுநர் வகைக்கு ஒரு மரத்துண்டைச் சோங்கின் மேல் திருகாணியாற் பூட்டினர். எளிய உபாயம், ஆயினும் இன்றைய ஏற்றியிறக்கும் கன்னத்தாங்கிக்கு அதுவே முன்னோடி எனலாம்.

சட்டகம் என்பது அலுமீனியத்தாலான முதுகெலும்பு. துவக்கின் இயக்கப்பகுதி அதன்மேல் உலோகத்தோடு உலோகமாக இறுகப் பூட்டப்படும். குழலோ எதனையும் தொடாது முன்னே நீண்டு நிற்கும். பிற்பாகத்தின் நீளமும் கன்னத்தாங்கியின் உயரமும் திருகாணியாலோ பொத்தானாலோ மாற்றத்தக்கன. இவ்வழியிற் பெயர்பெற்றது, 1980களில் பிரித்தானியப் படை ஏற்ற எல் 96 ஏ 1. அதனை ஆக்கிய நிறுவனத்தாருள் ஒருவரான மல்கம் கூப்பர் 1984, 1988 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் றைபிள் சுடுதலிற் பொற்பதக்கம் வென்றவர். துவக்கை உடலுக்கேற்பச் சீராக்கும் முறை போட்டியாளரிடையே முன்னரே வேரூன்றியிருந்ததாதலின், இது வியப்பன்று.

எனினும், சட்டகம் எல்லார்க்கும் ஏற்றதன்று. லீ-என்பீல்டு ஏறத்தாழ 4 கிலோகிராம். எல் 96 ஏ 1 ஏறத்தாழ 6½ கிலோகிராம். படுத்திருந்து சுடுவோனுக்குப் பாரம் துணை. நாள் முழுதும் காட்டில் நடக்கும் வேட்டைக்காரனுக்கு அது சுமை. குளிர்நாட்டு விடியலில் வெற்றுலோகம் விரலைச் சுடுவதுபோல வருத்தும். குழலுக்கு இடைவெளிவிட்டு, இயக்கப்பகுதி அமரும் பள்ளத்தை எப்பொக்சிப் பசையாற் செம்மைசெய்த மரச்சோங்கு வேட்டைத் தூரங்களிற் போதுமானது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் சோங்கு முறுகுதலும் குறைவு. 1930களில் ஜேர்மனியர் தம் மௌசர் றைபிள்களுக்குக் கையாண்ட அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.