பேனாவைக் கீழே வைத்த பிறகு

படைக்கும் ஆசை வற்றிவிட்டால் படைப்பாளிக்கு என்ன மிச்சம்? விலகி நின்ற சிலரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

முதல் கவிதைத் தொகுப்பு வெளியான 1937ல் சமர் சென்னுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். சந்தத்தை உதறிவிட்டு, உரைநடைக்கு நெருக்கமான மொழியில் கல்கத்தாவின் அழுக்கையும் அலுப்பையும் எழுதிய இளைஞரை வங்காளம் உடனே கவனித்தது. 1944க்குள் மேலும் நான்கு தொகுப்புகள். 1946ல் நிறுத்திவிட்டார். அப்போது வயது முப்பது. 1987ல் இறக்கும்வரை கவிஞராக அவர் திரும்பவேயில்லை.

ஏன் நிறுத்தினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமானது அதன் பிறகு அவர் செய்தவை. வானொலிச் செய்திப் பிரிவிலும் பத்திரிகைகளிலும் வேலை பார்த்தார். மாஸ்கோவில் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1964 மதக் கலவரத்தின்போது தான் வேலை பார்த்த பத்திரிகை செய்திகளைக் கையாண்ட விதம் பிடிக்காமல் ராஜினாமா செய்தார். 'நவ்' வார இதழின் ஆசிரியரானார். 1968ல் 'ஃபிராண்டியர்' வார இதழைத் தொடங்கி, கடைசிவரை அதை நடத்தினார். கவிதையை விட்டவர்தான், ஆனால் மனசாட்சியை விடவில்லை.

அவரைப் போல அமைதியாக விலக எல்லோராலும் முடிவதில்லை. பதினைந்து வருடங்களாக ஓவியம் வரைந்தவர், ஒருநாள் தூரிகையைத் தொடவே கை கூசுவதை உணர்கிறார். முதலில் களைப்பு என்று நினைக்கிறார். அப்புறம் பயம் வருகிறது. "வரையாவிட்டால் நான் யார்?"

இந்தப் பயத்துக்கு நம் சமூகம் போட்டிருக்கும் அடித்தளம் பலமானது. வேலையையே ஆளின் பெயராக்குவது நமக்குப் பழக்கம். மேற்கு வங்காளத்தில், பிங்லாவை அடுத்த நயா கிராமத்தில் படச்சுருள் வரைந்து கதை பாடும் பட்டுவாக்களின் குடும்பப் பெயரே சித்ரகார். வரைந்தாலும் சித்ரகார், வரையாவிட்டாலும் சித்ரகார். பிறப்பால் வந்த பெயர் ஆளை விட்டுப் போகாது. நகரத்துக் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. 'எழுத்தாளர்' என்ற பெயரை அவர் தானே உழைத்துச் சம்பாதித்தவர். எழுத்து நின்றால் அதுவும் பறிபோய்விடும் என்று தோன்றுகிறது. எழுதுவது ஒரு செயல்; எழுத்தாளர் என்பது ஒரு பட்டம். செயலில் ஆசை போன பிறகும் பட்டத்துக்காகவே தொடர்கிறவர்கள் ஏராளம்.

ஆசை ஏன் போகிறது? 1973ல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு பாலர் பள்ளியில் எளிமையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசு எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தங்கள் விளையாட்டு நேரத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் படம் வரையச் செலவிட்டனர். பரிசே பெறாதவர்கள் சுமார் 17 சதவீதம், எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம். விளையாட்டு, கூலி வேலை ஆகிவிட்டது!

குழந்தைக்கு ஒரு சான்றிதழ் என்றால், பெரியவர்களுக்குச் சம்பளம், விருது, விமர்சனம், கெடு. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோட் வசனம் எழுதித் தள்ளுகிறவருக்குக் கதை மீது காதல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019ல் வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமை குறைந்துவிட்டதாக உணர்வது என மூன்று அடையாளங்கள். இது நோய் அல்ல, வேலை தொடர்பான நிலை என்றும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை அவசியம். எழுத்து மட்டும் கசந்தால் அது வேறு. சாப்பாடு, நண்பர்கள், தூக்கம் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கசந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும். 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416.

மற்றவர்களுக்கு, விலகுவதில் பல வகை உண்டு என்பதே ஆறுதல். அன்னபூர்ணா தேவி விலகியது மேடையிலிருந்து. மைஹர் அலாவுதீன் கானின் மகளான அவர், சுர்பஹார் வாத்தியத்தில் ஈடு இணையற்றவர் எனப் பெயர் பெற்றவர். 1950களில் கச்சேரிகளை நிறுத்தினார். 2018ல் மறையும்வரை பல ஆண்டுகள் மும்பை வீட்டில் கதவுக்குப் பின்னால் இசை தொடர்ந்தது. ஹரிபிரசாத் சௌராசியா, நிகில் பானர்ஜி போன்றவர்கள் அவரிடம் கற்றார்கள். கைதட்டல் இல்லாமலும் கலை வாழ்ந்தது.

அருந்ததி ராய் விலகியது ஒரு வடிவத்திலிருந்து. கட்டிடக்கலை படித்து, திரைக்கதை எழுதி, 1997ல் முதல் நாவலுக்கே புக்கர் பரிசு வென்றவர். அடுத்த நாவல் வெளிவந்தது 2017ல். இருபது வருட இடைவெளியில் அவர் எழுதியவை அணுகுண்டு, அணைகள், போர் பற்றிய கட்டுரைகள். சூடு தணிவதற்குள் இன்னொரு நாவல் என்பதுதான் பதிப்புலகின் கணக்கு. அவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

சமர் சென் மட்டுமே ஒரு கலையை முழுசாக விட்டவர். அதனால்தான் அவருடைய உதாரணம் கடினமானது, பயனுள்ளதும் கூட. விலகலுக்கு விலை இல்லாமல் இல்லை. வருமானம் போகலாம். நண்பர் வட்டம் சுருங்கும். "இப்போது என்ன எழுதுகிறீர்கள்?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாதவர் ஆத்திரத்தில் வேலையை உதறுவதும் புத்திசாலித்தனம் அல்ல. கொஞ்ச நாள் ஒதுங்கி இருப்பது, பரிசும் பார்வையாளரும் இல்லாமல் எதையாவது செய்து பார்ப்பது, பிழைப்பை வேறு தொழிலுக்கு மாற்றுவது என்று நடுவழிகள் பல இருக்கின்றன.

ஆசை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒருவரின் மதிப்பு அதை நம்பி இல்லை. கவிதையை விட்டு 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 1978ல், சமர் சென் 'பாபு விருத்தாந்த' என்ற பெயரில் தன் நினைவுகளை வங்காளியில் வெளியிட்டார். வெறும் உரைநடைதான். அதையும் வங்காளிகள் விரும்பிப் படித்தார்கள்.