கேரவன் பூங்காவுக்கு நிலம் கேட்டால் என்ன செய்வது?



"நிலம் சும்மாதானே கிடக்கு, கேரவன் பூங்கா வைக்கிறோம், குத்தகைக்குக் கொடுங்க" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? கேளம்பாக்கம் பக்கத்துக் குழுக்களில் இந்தக் கேள்வி வந்ததால் இதை எழுதுகிறோம்.

சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக நிற்குமே, அந்த மாதிரி வண்டிதான் கேரவன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். ராத்திரி அந்த வண்டிகளை நிறுத்தி, கரண்டும் தண்ணீரும் கொடுக்கிற இடத்தைத்தான் கேரவன் பூங்கா என்கிறார்கள். பூச்செடி, ஊஞ்சல் என்று நினைக்க வேண்டாம். கேரள அரசு 2021-ல் இதற்கென்று ஒரு கொள்கை கொண்டு வந்தது. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் அங்கே முதல் பூங்கா திறந்தார்கள். தமிழ்நாட்டிலும் பூங்கா நடத்துபவர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கேட்டு வருகிறவரிடம் முதலில் அந்தப் பதிவைப் பற்றிக் கேளுங்கள்.

நம்ம பக்கம் ஏன் வருகிறார்கள் என்பது தெரிந்ததுதான். முட்டுக்காடு படகுத்துறை, கோவளம் கடற்கரை, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் எல்லாமே கிட்ட இருக்கு.

கேரளாவில் ஒரு பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் இடமும் 5 வண்டி நிறுத்த வசதியும் வேண்டும் என்று வைத்தார்கள். அரை ஏக்கர் என்பது நம்மில் சிலரிடம் இருக்கிற அளவுதான். ஆனால் அளவு மட்டும் போதாது. வேன் மாதிரி நீள வண்டி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணி நின்றது? இதையெல்லாம் மாமியார், பக்கத்து நிலத்துக்காரர் சொல்லிவிடுவார்கள்.

பெரிய பிரச்சினை கக்கூஸ் கழிவுதான். வண்டிக்கு அடியில் உள்ள தொட்டி நிரம்பினால் அதை எங்கேயாவது காலி செய்தாக வேண்டும். சரியான செப்டிக் டேங்க் கட்டி, லாரி வைத்து எடுக்காவிட்டால் பக்கத்து வயலிலோ ஓடையிலோதான் போய்ச் சேரும். அப்புறம் நம்ம கிணறு என்ன ஆகும்? தண்ணீரும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். சின்ன வண்டியிலேயே 100 லிட்டர் அளவுக்குத் தொட்டி இருக்கும். 5 வண்டி நிரப்பினால் 500 லிட்டர் ஆச்சு. உப்பளம் பக்கம் போர் போட்டு உப்புத்தண்ணி வந்தால், நல்ல தண்ணிக்கு ஊர்க் குழாயடியில் நம்மோடு போட்டிக்கு வருவார்கள்.

முட்டுக்காடு உப்பங்கழி ஓரத்து நிலத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதி உண்டு. அங்கே அனுமதி இல்லாமல் கட்டடம் கட்ட முடியாது.

இப்போது பத்திர விஷயம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் முதலில் எடுத்துப் பாருங்கள். நிலம் பஞ்சமி நிலமாக இருந்தால் மிகவும் கவனம் வேண்டும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்களுக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இது தெரியாமல் கைநாட்டு வைத்து இழந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர்.

சொந்தப் பட்டா நிலமானாலும் "பவர் எழுதிக் கொடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தை வைத்து நிலத்தை விற்கவும் முடியும். குத்தகை மட்டும் போதும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது பின்னால் உதவாது. கையெழுத்துக்கு முன்பு ஜெராக்ஸ் வாங்கி வந்து, வெளியாள் ஒருவரை விட்டு சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிலம் இல்லாத உறுப்பினர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. கேரளாவில் குமரகத்தில் 2008 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் காய்கறி விளைவித்து ஓட்டல்களுக்குக் கொடுத்தார்கள். விலையை ஒரு கமிட்டி பேசி வைத்தது, அதனால் ஆளுக்கு ஒரு விலை என்ற பேச்சு வரவில்லை. இங்கேயும் இட்லி, மீன் குழம்பு, துணி துவைப்பது, கூட்டிப் பெருக்குவது, ராத்திரி காவல் எல்லாம் உள்ளூர்க் குழுவுக்கே என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கழிவு லாரிச் செலவு யாருடையது என்பதையும் அடுத்த வரியில் எழுத வையுங்கள்.